மலையில் முடித்த வேலைக்கு விருது வாங்குவது எப்படி? திட்ட மேலாண்மை விருதுகளுக்குப் புதியவர்களுக்கான வழிகாட்டி

திட்ட மேலாண்மைக்கென்று தனியாக விருதுகள் இருப்பது நீலகிரியில் வேலை பார்க்கும் பலருக்குத் தெரியாது. சைட் இன்ஜினியர், சின்ன கான்ட்ராக்டர், தொண்டு நிறுவனப் பணியாளர், தேயிலை ஃபேக்டரி மேலாளர் என்று யாரைக் கேட்டாலும் இதே கதைதான். தெரிந்தவர்களும், "அதெல்லாம் பெங்களூரு ஐ.டி. கம்பெனிகளுக்கும் மெட்ரோ கட்டுகிறவர்களுக்கும்" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்த விருதுகள் கேட்கும் சரக்கு சமவெளியில் இருப்பவர்களைவிட மலையில் வேலை செய்பவர்களிடம்தான் அதிகம். குறைவது ஒன்றே ஒன்று: அதை எழுதி வைக்கும் பழக்கம். இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி அதைப் பற்றித்தான்.

விருது எதைப் பார்க்கிறது?

1964 டிசம்பர் புயலில் பாம்பன் ரயில் பாலம் சிதைந்தது. சீரமைக்க ரயில்வே கொடுத்த கெடு ஆறு மாதம். மேலதிகாரி அதை மூன்று மாதமாகக் குறைத்தார். பொறுப்பேற்ற 32 வயது இளம் பொறியாளர் இ. ஸ்ரீதரன் 46 நாளில் முடித்துக் கொடுத்தார். பின்னாளில் கொங்கண் ரயில்வேயும் டெல்லி மெட்ரோவும் கட்டிய அதே ஸ்ரீதரன்தான். அதற்காக அவருக்கு ரயில்வே அமைச்சரின் விருது கிடைத்தது. அவர் புதுப் பாலம் எதையும் கட்டவில்லை. ஏற்கெனவே இருந்த பாலத்தை மறுபடி ஓட வைத்தார். காலம், ஆள், பொருள் மூன்றையும் அவர் கையாண்ட விதத்துக்குத்தான் அந்த விருது.

திட்ட மேலாண்மை விருதுகளின் அடிப்படை இதுதான். எவ்வளவு பெரிதாகக் கட்டினீர்கள் என்பது இரண்டாவது கேள்வி. என்ன செய்வதாகச் சொன்னீர்கள், நடுவில் என்ன மாறியது, மாறியபோது எப்படி முடிவெடுத்தீர்கள், கடைசியில் பயன் யாருக்குப் போனது என்பவைதான் முதல் கேள்விகள். அமெரிக்காவைத் தலைமையிடமாகக் கொண்ட பி.எம்.ஐ. (Project Management Institute) என்ற திட்ட மேலாண்மை அமைப்பின் 'ஆண்டின் சிறந்த திட்டம்' விருதை 2013-ல் வாங்கியது ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம். வேலை நடந்துகொண்டிருந்தபோதே கொள்ளளவை இரட்டிப்பாக்கும் முடிவு வந்த திட்டம் அது. பாதி வழியில் இலக்கு மாறியது அந்தத் திட்டத்துக்குக் குறையாகப் போகவில்லை. மாற்றத்தை ஒழுங்காகச் சமாளித்தால் அதுவே விண்ணப்பத்தின் பலம்.

நம்ம நீலகிரி மலை ரயிலையே பாருங்கள். யோசனை வந்தது 1854-ல். வேலை தொடங்கியது 1891-ல், ஊட்டி வரை முடிந்தது 1908-ல். 46 கிலோமீட்டர் பாதை, 326 மீட்டர் உயரத்திலிருந்து 2,203 மீட்டருக்கு ஏறுகிறது. 2005-ல் அது யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமானது. இன்றைய நடுவர் குழு ஒன்று அந்த ஃபைலைப் பிரித்தால், பல்சக்கரத் தண்டவாளத்தைப் பாராட்டுவதற்கு முன் "37 வருடம் ஏன் தொடங்கவே இல்லை?" என்றுதான் கேட்கும்.

முதலில், உங்கள் வேலை ஒரு திட்டம்தானா?

இதில் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். தொடக்கமும் முடிவும் உள்ள, ஒருமுறை செய்து முடிக்கும் வேலைதான் திட்டம். தினமும் பசுந்தேயிலை வாங்கி அரைப்பது திட்டம் கிடையாது. பழைய உலர்த்தும் இயந்திரத்தை மாற்றி, ஃபேக்டரியை ஒரு நாள்கூட மூடாமல் புதியதை ஓட வைத்தால் அது திட்டம். ஆஸ்பத்திரி நடத்துவது திட்டமாகாது. அதே ஆஸ்பத்திரியில் ஒரு வார்டைக் கட்டித் திறப்பது திட்டம். வழக்கமான பணியை எவ்வளவு நன்றாகச் செய்தாலும் இந்த விருதுகளுக்குப் பொருந்தாது. அதற்கு வேறு விருதுகள் இருக்கின்றன.

பெரும்பாலான விருதுகள் முடிந்த திட்டங்களையே ஏற்கின்றன. அதுவும் குறிப்பிட்ட காலத்துக்குள் முடிந்திருக்க வேண்டும். ஐந்து வருடம் முன்னால் கட்டிய தடுப்பணையை இப்போது தூக்கிக்கொண்டு போனால் வாசலிலேயே திருப்பி விடுவார்கள்.

எந்த விருது?

உலக அளவில் இரண்டு பெயர்களைத் தெரிந்துவைத்தால் போதும். ஒன்று 1969-ல் தொடங்கிய பி.எம்.ஐ. திட்டங்களுக்கும், திட்ட அலுவலகங்களுக்கும், தனிநபர்களுக்கும் விருது தருகிறது. அதன் சென்னைக் கிளையில் உறுப்பினரானால் விருது பெற்றவர்களையே நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கூட்டத்துக்கு மலையிறங்கிப் போக வேண்டியிருந்தாலும் புதியவர்களுக்கு அது பயன்படும். இன்னொன்று 1965-ல் தொடங்கி, சுவிட்சர்லாந்தில் பதிவான ஐ.பி.எம்.ஏ. (சர்வதேசத் திட்ட மேலாண்மைச் சங்கம்). இதன் திட்டச் சிறப்பு விருது 2002 முதல் வழங்கப்படுகிறது. இதன் அளவுகோல் மூன்று பகுதிகள் கொண்டது: மக்களும் நோக்கமும், செயல்முறைகளும் வளங்களும், திட்டத்தின் பலன்கள். விண்ணப்ப அறிக்கையை மதிப்பீட்டாளர்கள் படிப்பார்கள். பிறகு நேரில் வந்து பார்ப்பார்கள். அதன் பிறகே நடுவர் குழுவுக்குப் போகும். எனக்குக் கேட்டால், விருது கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் ஐ.பி.எம்.ஏ.வின் இந்த மூன்று பகுதிகளையும் அச்செடுத்து அலுவலகச் சுவரில் ஒட்டிவைக்கலாம். ஒரு வேலையில் கவனிக்க வேண்டியது அத்தனையும் அதில் இருக்கிறது.

கட்டுமான வேலை என்றால் இந்தியாவுக்குள்ளேயே சி.ஐ.டி.சி. எனப்படும் கட்டுமானத் தொழில் வளர்ச்சிக் குழுமம் தரும் விஸ்வகர்மா விருதுகள் உண்டு. பழைய பங்களாவையோ தேவாலயத்தையோ பழமை கெடாமல் புதுப்பித்திருந்தால், யுனெஸ்கோ 2000 முதல் தரும் ஆசிய பசிபிக் கலாசார மரபுப் பாதுகாப்பு விருதைப் பாருங்கள். ஊட்டி, குன்னூர், கொடைக்கானல் மூன்றிலும் அதற்குப் பொருத்தமான கட்டடங்களுக்குப் பஞ்சமில்லை.

அரசு ஊழியர்களுக்கு வழி வேறு. பொது நிர்வாகச் சிறப்புக்கான பிரதமர் விருது 2006-ல் ஏற்படுத்தப்பட்டது. குடிமைப் பணிகள் தினமான ஏப்ரல் 21-ஐ ஒட்டி வழங்குகிறார்கள். மாநிலத்தில் முதலமைச்சரின் நல் ஆளுமை விருது இருக்கிறது. சுற்றுச்சூழல் வேலை செய்யும் தனிநபர், பள்ளி, அமைப்பு, உள்ளாட்சி ஆகியோருக்குத் தமிழ்நாடு அரசின் பசுமை முதன்மையாளர் விருது. ஒரு விருதுக்கு 1 லட்சம் ரூபாய்.

பெயரில் 'திட்ட மேலாண்மை' இல்லாததாலேயே கண்ணில் படாமல் போகும் விருதுகளும் உண்டு. ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் ஈக்குவேட்டர் பரிசு அப்படி ஒன்று. இயற்கையைக் காத்துக்கொண்டே பிழைப்பையும் தேடும் உள்ளூர் சமூகக் குழுக்களுக்கும் பழங்குடிக் குழுக்களுக்கும் தருவது. 2021-ல் அதைப் பெற்றவர்களில் ஒருவர் நம்ம கோத்தகிரியின் ஆதிமலை பழங்குடியினர் உற்பத்தியாளர் நிறுவனம். ஆதிவாசி மக்களே பங்குதாரர்களாக இருந்து காட்டு விளைபொருளையும் தோட்ட விளைபொருளையும் விற்கும் நிறுவனம் அது. ஆகவே "கோத்தகிரியிலிருந்து யார் வாங்கப் போகிறார்கள்" என்று சொல்பவர்களுக்குப் பதில் ஏற்கெனவே இருக்கிறது.

ஒரே வருடத்தில் நாலு விருதுக்கு விண்ணப்பிக்காதீர்கள். ஒவ்வொன்றும் வேறு வடிவத்தில் கேட்கும். ஒன்றுக்கு எழுதியதை வெட்டி ஒட்டினால் படிப்பவருக்கு இரண்டாம் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

முதல் வாரத்திலேயே தொடங்கும் ஃபைல்

இனி பேச்சுக்கு ஒரு வேலையை வைத்துக்கொள்வோம். கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டி, அதாவது படுகர் கிராமம். மேலே சோலையை ஒட்டிய ஊற்றிலிருந்து 4 கிலோமீட்டர் குழாய் போட்டு, ஒரு தொட்டி கட்டி, வீடுகளுக்குத் தண்ணீர் தர வேண்டும். மதிப்பீடு 40 லட்சம் ரூபாய், கெடு 20 வாரம், ஜனவரியில் தொடக்கம். விருதைப் பற்றி யாரும் நினைக்கக்கூட மாட்டார்கள் என்கிற அளவுக்குச் சாதாரண வேலை.

முதல் வாரத்தில் இரண்டு பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதுங்கள். என்ன செய்யப் போகிறோம், என்ன செய்ய மாட்டோம், எப்போது முடியும், எவ்வளவு ஆகும், முடிந்தது என்பதை எதை வைத்துச் சொல்வோம். "வீட்டுக்கு வீடு தண்ணீர்" என்று எழுதினால் போதாது. எத்தனை வீடு, ஒரு வீட்டுக்கு நாளுக்கு எத்தனை லிட்டர், கோடையிலும் அதே அளவா என்பதெல்லாம் வர வேண்டும். 'செய்ய மாட்டோம்' என்ற பகுதியை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பின்னால் சண்டை வருவது அங்கேதான். பணம் கொடுப்பவரும் ஊர்ப் பெரியவர்களும் அதில் கையெழுத்துப் போடட்டும், தேதியும் இருக்கட்டும். வேலை முடிந்த பிறகு வசதிக்கேற்ப இலக்கைத் திருத்திச் சொல்கிறோம் என்ற சந்தேகம் நடுவர்களுக்கு வராமல் இருக்க இந்தக் காகிதம் ஒன்றே போதும்.

அதோடு மூன்று நோட்டு. ஒன்று நாள் குறிப்பு: தேதி, வானிலை, வந்த ஆள், நடந்த வேலை, நின்றுபோன வேலை, காரணம். மேஸ்திரியே எழுதலாம், கையெழுத்து கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. இரண்டாவது ஆபத்துப் பட்டியல். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன். மூன்றாவது மாற்றக் குறிப்பு. நடுவழியில் "பக்கத்துக் காலனிக்கும் ஒரு குழாய் இழுத்துவிடுங்களேன்" என்று ஊரார் கேட்பார்கள். கேட்காத ஊர் கிடையாது. நல்ல மனிதர்கள் சரி என்று உடனே இழுத்துவிடுவார்கள், கடைசியில் பட்ஜெட் தாண்டியதற்குக் காரணம் சொல்ல முடியாமல் விழிப்பார்கள். யார் கேட்டார், எத்தனை மீட்டர் கூடுதல், எத்தனை ரூபாய், எத்தனை நாள், யார் ஒப்புக்கொண்டார் என்று ஐந்து வரி எழுதினால் போதும்.

வேலையை அளந்து பதியும் எம்.புக் (அளவுப் புத்தகம்) இருக்கிறதே, இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். எம்.புக் என்ன நடந்தது என்று மட்டும் சொல்லும். ஏன் அப்படி நடந்தது என்று சொல்லாது. விருது கேட்பது அந்த 'ஏன்'தான்.

படங்களும் அப்படியே. திறப்பு விழாப் படம் ஐம்பது இருக்கும், குழி தோண்டிய படம் ஒன்றுகூட இருக்காது. ஒரே இடத்தில் நின்று வாரம் ஒரு படம் எடுங்கள். போன் போதும்.

மழைக்கணக்கு

ஆபத்துப் பட்டியல் எழுதுவதில் மலைக்காரர்களை யாரும் மிஞ்ச முடியாது. நாம் அதை வாயால் மட்டும் சொல்கிறோம், அதுதான் சிக்கல். சமவெளித் திட்டங்களின் விண்ணப்பத்தில் "மழை வரலாம்" என்று ஒரு வரி இருக்கும். இங்கே மழை ஒன்று இல்லை, இரண்டு. கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கொட்டும். குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபர், நவம்பரில் வடகிழக்கு மழையைப் பார்த்துத்தான் பயப்பட வேண்டும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி, கோத்தகிரி வட்டாரத்தில் மழையும் மண்சரிவும் உயிர்களைக் கொண்டுபோனதை இங்கே யாரும் மறக்கவில்லை. கூடலூர் வேலைக்குப் போட்ட அட்டவணையை அப்படியே கோத்தகிரிக்குப் போட முடியாது என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. டெல்லியிலோ ஐரோப்பாவிலோ உட்கார்ந்து விண்ணப்பம் படிப்பவருக்கு அது தெரியாது. எழுதினால்தான் தெரியும்.

மழை மட்டுமா? ஏப்ரல், மே சீசனில் மலைப்பாதையில் லாரி ஏறுவது தனிப் பாடு. போக்குவரத்தை மாற்றி விடுவார்கள், குழாய் ஏற்றி வரும் வண்டி மேட்டுப்பாளையத்தில் காத்துக் கிடக்கும். முதுமலை வழியாக மைசூரிலிருந்து பொருள் வந்தால் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை பாதை அடைப்பு. மண் தோண்டும் இயந்திரம் இறக்க மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும், கிடைக்காவிட்டால் ஆள் வைத்துத்தான் வெட்ட வேண்டும். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் இடங்களில் காலைக் கான்கிரீட்டுக்குக் கவனம் வேண்டும். காட்டுமாடு கூட்டம் பாதையில் படுத்துவிட்டால் அன்றைக்குக் காலை வேலை பதினோரு மணிக்குத்தான் தொடங்கும்.

இதையெல்லாம் பட்டியலாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேராக மூன்று விஷயம் சேருங்கள்: நடக்க வாய்ப்பு எவ்வளவு, நடந்தால் எத்தனை நாள் போகும், அதற்கு முன்கூட்டியே என்ன செய்தோம். நம் குழாய் வேலையில் "சீசன் நெரிசலால் பொருள் தாமதம்" என்பதற்கு நேராக "மார்ச் 20-க்குள் எல்லாக் குழாயும் மேலே ஏற்றப்படும், பள்ளிக்கூட மைதானத்தில் அடுக்க அனுமதி வாங்கியாகிவிட்டது" என்று இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை பட்டியலைத் திருத்தி, தேதி போட்டு, பழைய தாளைக் கிழிக்காமல் வையுங்கள். ஆறு மாதத்துப் பட்டியல்களை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும் மதிப்பீட்டாளருக்கு அதற்கு மேல் விளக்கமே தேவைப்படாது.

மூன்று எண்கள்

கணக்கு என்றதும் பயப்பட வேண்டாம். தொழில்முறை விருதுகளில் திரும்பத் திரும்பக் கேட்கும் கணக்கு ஒன்றுதான்: ஈட்டிய மதிப்பு. அதாவது, இதுவரை முடித்த வேலைக்கு மதிப்பீட்டின்படி எத்தனை ரூபாய் என்பது. நம் உதாரணத்திலேயே போடலாம். தொட்டியைத் தனியாக விட்டு, மொத்தச் செலவும் குழாய்க்கே என்று வைத்துக்கொள்வோம். 4 கிலோமீட்டருக்கு 40 லட்சம் என்றால் கிலோமீட்டருக்கு 10 லட்சம். 20 வாரத்தில் பாதி, அதாவது 10 வாரம் முடிந்தபோது 2 கிலோமீட்டர் முடிந்திருக்க வேண்டும். அதன் மதிப்பு 20 லட்சம். உண்மையில் முடிந்தது 1.5 கிலோமீட்டர். அதன் மதிப்பு 15 லட்சம். செலவானது 18 லட்சம்.

15-ஐ 20-ஆல் வகுத்தால் 0.75. திட்டமிட்ட வேகத்தில் முக்கால் பங்குதான் போகிறோம். 15-ஐ 18-ஆல் வகுத்தால் 0.83. ஒரு ரூபாய் செலவழித்து 83 பைசா வேலை வாங்கியிருக்கிறோம். இரண்டும் 1-க்கு மேல் இருந்தால் நல்லது, கீழே இருந்தால் தொல்லை.

"18 லட்சம்தானே செலவு, 20 லட்சம் ஆகியிருக்க வேண்டும், 2 லட்சம் மிச்சம்" என்று யாராவது சந்தோஷப்பட்டால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். மாதம் ஒருமுறை இந்த எண்களை எழுதி வைத்தால் போதும். 10-வது வாரத்தில் 0.75 இருந்தது, 16-வது வாரத்தில் 0.95 ஆனது என்றால் நடுவில் யாரோ ஏதோ உருப்படியாகச் செய்திருக்கிறார்கள். அது என்ன என்பதுதான் உங்கள் விண்ணப்பத்தின் மையம்.

ஊரைக் கேட்டீர்களா?

ஐ.பி.எம்.ஏ. அளவுகோலின் முதல் பகுதியே மக்களும் நோக்கமும் என்று தொடங்குவதைக் கவனித்திருப்பீர்கள். சம்பந்தப்பட்டவர்கள் யார் யார், அவர்களுக்கு என்ன தேவை, எப்படிக் கேட்டீர்கள் என்று அதில் வரும். நம் வேலையில் ஹட்டிக்காரர்கள் மட்டும் சம்பந்தப்பட்டவர்கள் கிடையாது. ஊற்றுக்குக் கீழே வயலும் தோட்டமும் வைத்திருப்பவர்கள், வனத்துறை, ஊராட்சி, மாடு மேய்ப்பவர்கள், தண்ணீர் குடிக்க வரும் விலங்கு எல்லோரும் உண்டு.

குழாய் வனநிலத்தைத் தொட்டால் சட்டமும் உள்ளே வரும். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் பிரிவு 3(2), குடிநீர்க் குழாய் உட்பட 13 வகை ஊர் வசதிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் 1 ஹெக்டேருக்குக் குறைவான வனநிலத்தைப் பயன்படுத்த வழி தருகிறது. கிராம சபையின் பரிந்துரை வேண்டும். ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது. கிராம சபைத் தீர்மானத்தின் நகல், வந்தவர்கள் கையெழுத்து, யாராவது எதிர்த்துப் பேசியிருந்தால் அதுவும் ஃபைலில் இருக்கட்டும். எதிர்ப்பை மறைக்காதீர்கள். எதிர்ப்பே இல்லாத ஊர்க்கூட்டம் என்று எழுதினால் எந்த மதிப்பீட்டாளரும் நம்ப மாட்டார். எதிர்த்தவர் கேட்டதில் எதை ஏற்றுக்கொண்டீர்கள் என்பதே அவருக்குச் சுவாரசியம்.

எழுதும்போது

விண்ணப்பம் எழுத உட்காரும்போது நம் கை தானாகவே ஆண்டு விழா மேடைப் பேச்சுக்குப் போய்விடுகிறது. "கடுமையான இயற்கைச் சூழலிலும் அயராத உழைப்பால் இத்திட்டத்தை வெற்றிகரமாக நிறைவேற்றினோம்." இந்த வாக்கியத்தில் மதிப்பெண் போட எதுவுமே இல்லை. அதையே இப்படி எழுதிப் பாருங்கள்:

"7-வது வாரம் பெய்த மழையில் 2-வது பிரிவில் தோண்டிய 60 மீட்டர் பள்ளம் மூடிப்போனது. மறுநாளே ஊராட்சியோடு பேசிக் குழாய்ப் பாதையை மேட்டுப்பக்கம் மாற்றினோம். கூடுதல் செலவு 85,000 ரூபாய், எதிர்பாராச் செலவுக்கு ஒதுக்கியதிலிருந்து எடுத்தோம். இழந்தது 6 நாள். 3-வது பிரிவில் இரண்டு குழுக்களை இறக்கி அதில் 4 நாளை மீட்டோம்."

நாள் குறிப்பு இருந்தால் இது பத்து நிமிட வேலை. இல்லாவிட்டால் எவ்வளவு பெரிய எழுத்தாளராலும் எழுத முடியாது.

கேள்வி கேட்ட வரிசையிலேயே பதில் எழுதுங்கள். சொல்லும் ஒவ்வொரு விஷயத்துக்கும் இணைப்பில் எந்தத் தாள் சான்று என்று எண் போடுங்கள். வார்த்தை வரம்பு இருந்தால் மீறவே வேண்டாம். ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருந்தால் முதலில் தமிழில் முழுதாக எழுதிவிட்டு, பிறகு மாற்றுங்கள். நேராக ஆங்கிலத்தில் தொடங்கினால் மேடைப் பேச்சு இன்னும் மோசமாக வரும். அப்புறம், திட்டத்தைப் பற்றி எதுவுமே தெரியாத ஒருவரிடம் படிக்கக் கொடுத்து, அவருக்குப் புரியாத இடங்களில் கோடு போடச் சொல்லுங்கள்.

அனுப்பும் முன் பணம் கொடுத்தவரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள். செலவுக் கணக்கு வெளியே போகிறது, அவருக்கு ஆட்சேபம் இருக்கலாம். படத்தில் இருப்பவர்களிடமும், முக்கியமாகப் பழங்குடிக் குடியிருப்புகளில், குழந்தைகள் இருந்தால் பெற்றோரிடமும் கேட்க வேண்டும். அரசுத் துறைப் பணம் என்றால் வேலை முடிந்ததற்கான கம்ப்ளீஷன் சர்டிபிகேட்டும், பணத்தை உரிய வேலைக்கே செலவழித்ததற்கான யு.சி. என்ற பயன்பாட்டுச் சான்றிதழும் கையில் இல்லாமல் விண்ணப்பத்தைத் தொடாதீர்கள்.

மதிப்பீட்டாளர்கள் மலையேறி வரும்போது

நேரில் வந்து பார்க்கும் விருதுகளில் நம்மவர்கள் செய்யும் தவறு, அன்றைக்கு எல்லாவற்றையும் பளபளவென்று ஆக்குவது. புதுப் பெயின்ட், சால்வை, பெரிய சாப்பாடு. வருபவர்கள் பார்க்க வருவது ஃபைலில் எழுதியது உண்மைதானா என்பதை. மேஸ்திரியைத் தனியாக உட்காரவைத்துக் கேட்பார்கள், தண்ணீர் பிடிக்கும் பெண்களைக் கேட்பார்கள். மேலாளர் பக்கத்தில் நின்று பதிலை எடுத்துக் கொடுத்தால் அங்கேயே மதிப்பெண் போய்விடும். ஆகவே விண்ணப்பத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று குழுவில் எல்லோருக்கும் முன்பே தமிழில் படித்துக் காட்டுங்கள். அதற்கு மேல் ஒத்திகை வேண்டாம்.

மழை மாதத்தைத் தவிர்த்துத் தேதி கேளுங்கள். வெளியூர் வண்டியில் வருகிறார்கள் என்றால் இ-பாஸ் எடுக்கச் சொல்ல மறக்காதீர்கள். 2024 மே முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் அது வேண்டியிருக்கிறது. நீலகிரிப் பதிவெண்ணான டிஎன் 43 வண்டியிலேயே சுற்றுகிற நமக்கு அந்த ஞாபகமே வராது. கல்லாறு சோதனைச்சாவடியில் மதிப்பீட்டாளரை நிறுத்திவைத்துவிட்டு நாம் மேலே காத்திருப்பது நல்ல தொடக்கமாக இருக்காது.

"வாழ்த்துகள், நீங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளீர்கள்"

விண்ணப்பிக்காமலே இப்படி ஒரு மின்னஞ்சல் வந்தால் சந்தேகப்படுங்கள். விருதை விலைக்கு விற்கும் வியாபாரம் நாட்டில் ஜோராக நடக்கிறது. நட்சத்திர ஹோட்டலில் விழா, பிரபலம் ஒருவர் கையால் கேடயம், அதற்கு 'பங்கேற்புக் கட்டணம்' ஐம்பதாயிரம், ஒரு லட்சம். இந்தக் கேடயங்கள் பெரும்பாலும் ரிசப்ஷன் மேசையை அலங்கரிப்பதோடு சரி.

கட்டணம் கேட்பதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. நேர்மையான விருதுகளிலும் விண்ணப்பக் கட்டணம் உண்டு, மதிப்பீட்டாளர் வந்து போகும் செலவு இருக்கிறதே. வேறுபாடு எப்போது கேட்கிறார்கள் என்பதில் இருக்கிறது. விண்ணப்பிக்கும் முன்பே வெளிப்படையாக எல்லோரிடமும் கேட்டால் அது கட்டணம். ஜெயித்த பிறகு கேட்டால் விலை. நடுவர்கள் பெயர், மதிப்பெண் முறை, போன வருடம் வென்ற திட்டங்களின் விவரம் ஆகிய மூன்றையும் தேடிப் பாருங்கள். மூன்றில் ஒன்றுகூடக் கிடைக்காவிட்டால் அந்தப் பணத்தில் குழுவுக்கு நல்ல மழைக்கோட்டு வாங்கிக் கொடுக்கலாம்.

தனிநபர் விருதுகள் பற்றிக் கொஞ்சம்

பி.எம்.ஐ. நடத்தும் பி.எம்.பி. (Project Management Professional) தேர்வில் பாஸானதை விருது என்று பயோடேட்டாவில் போடுகிறவர்களைப் பார்க்கிறேன். அது தகுதிச் சான்றிதழ். விருது வேறு. பி.எம்.ஐ.யைத் தொடங்கியவர்களில் ஒருவரான எரிக் ஜெனெட் பெயரில் தனிநபருக்கு ஒரு விருது உண்டு. தொழிலுக்கே பங்களித்தவர்களுக்கானது அது, புதியவர்களுக்கு இப்போதைக்கு எட்டாது. இத்தகைய விருதுகளில் பெரும்பாலும் இன்னொருவர் உங்களைப் பரிந்துரைக்க வேண்டும். ஆகவே முதல் சில வருடங்கள் திட்டத்தின் பெயரிலேயே விண்ணப்பிப்பது நல்லது. விண்ணப்பத்தில் குழுவினர் எல்லோர் பெயரையும் எழுதுங்கள். மேஸ்திரி பெயரை விட்டுவிட்டு, ஒரு நாள்கூட சைட்டுக்கு வராத இயக்குநர் பெயரை முதலில் போடும் வழக்கம் எனக்குப் பிடிக்காது. நேரில் வரும் மதிப்பீட்டாளர்களும் அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

முடிவு வந்த பிறகு

கிடைத்தால் சந்தோஷம். கிடைக்காவிட்டால் மதிப்பீட்டுக் குறிப்பைக் கேட்டு வாங்குங்கள். தராவிட்டாலும் மரியாதையாக ஒரு கடிதம் எழுதிக் கேட்பதில் நஷ்டமில்லை. எந்தப் பகுதியில் குறைவு என்று பாருங்கள். முதல்முறை விண்ணப்பிப்பவர்களுக்குப் பெரும்பாலும் இடிப்பது பலன்கள் பகுதியில். தண்ணீர் வந்தது என்று எழுதியிருப்பார்கள். ஆறு மாதம் கழித்து, அதுவும் மார்ச், ஏப்ரல் வறட்சியில், எத்தனை லிட்டர் வந்தது என்று அளந்திருக்க மாட்டார்கள். வாளியும் கடிகாரமும் இருந்தால் அளந்துவிடலாம். வாரம் ஒரு நாள், ஒரே குழாயில், ஒரே நேரத்தில் அளந்து எழுதும்படி ஊரில் ஒரு பையனிடமோ பெண்ணிடமோ நோட்டைக் கொடுத்துவிட்டு வாருங்கள். திட்டம் முடிந்த அன்றே கொடுக்க வேண்டும். அடுத்த கோடைக்குள் நோட்டு நிரம்பியிருந்தால், காலக்கெடு இடம் கொடுக்கும் வேறு விருதுக்கு அதே திட்டத்தை மறுபடி அனுப்பலாம்.